ஹைபிரிட் காரின் மைலேஜும் தூரமும்: மதுரைச் சாலைகளில் கணக்கிட்டு ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒருவர் புதிய காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்பது "லிட்டருக்கு எவ்வளவுண்ணே கொடுக்குது?" என்றுதான். சாதாரண பெட்ரோல் கார் வைத்திருப்பவர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். ஹைபிரிட் கார் வைத்திருப்பவரால் அப்படிப் போக முடியாது. யானைக்கல் நெரிசலில் ஒரு மைலேஜ், விருதுநகர் போகும் நான்கு வழிச்சாலையில் அதைவிடக் குறைந்த மைலேஜ், கொடைக்கானல் மலை ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று என்று அதே வண்டி பல எண்களைக் காட்டும். ஏன் அப்படிக் காட்டுகிறது என்பது புரிந்துவிட்டால் அந்த எண்களை உயர்த்தவும், ஒரு டேங்கில் எவ்வளவு தூரம் நம்பிப் போகலாம் என்று கணக்கிடவும் யாராலும் முடியும். மூன்று ஆண்டுகளாக ஹைபிரிட் ஓட்டிவருகிறேன். திருநகரில் வீடு, மாட்டுத்தாவணிப் பக்கம் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள்

விளம்பரத்தில் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மைல்ட் ஹைபிரிட் என்பது பெட்ரோல் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறிய மோட்டார் மட்டுமே உள்ள வண்டி. அந்த மோட்டாரால் தனியாகக் காரை நகர்த்த இயலாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டியோ எஞ்சினை முழுவதும் அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் கொண்டு சிறிது தூரம் ஓடக்கூடியது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகைகளும், ஹோண்டா சிட்டி ஹைபிரிட், இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் ஆகியவையும் இந்த இரண்டாம் வகை. இவை எதையும் வீட்டில் சார்ஜரில் மாட்ட வேண்டியதில்லை, மாட்டவும் முடியாது. உள்ளே வரும் சக்தி அனைத்தும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. இந்த வழிகாட்டி ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டிகளுக்கானது.

பெட்ரோல் மட்டுமே உள்ளே போகிறது என்றால் மைலேஜ் எங்கிருந்து கூடுகிறது? சாதாரண காரில் வீணாகப் போகும் பெட்ரோலை ஹைபிரிட் மிச்சம் பிடிக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சூடாகிக் காற்றில் போகும் சக்தியை மோட்டார் மின்சாரமாக மாற்றி பேட்டரியில் போடுகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. எஞ்சின் ஓடும்போதும், அதற்கு எந்த வேகத்தில் சிக்கனமோ அந்த வேகத்தில் ஓடவிட்டு, ஏற்ற இறக்கத்தை மோட்டார் சமாளிக்கிறது. ஆக, வீணாவது எங்கே அதிகமோ அங்கே மிச்சமும் அதிகம். மற்ற எல்லா அறிவுரைகளும் இந்த ஒரு செய்தியிலிருந்து கிளைப்பவைதாம்.

ஒரு காலை நேரப் பயணத்தின் கணக்கு

திருநகரிலிருந்து பசுமலை, பழங்காநத்தம், பெரியார் நிலையம், சிம்மக்கல், யானைக்கல் வழியாக வைகைப் பாலம் ஏறி, கோரிப்பாளையம் கடந்து மாட்டுத்தாவணி போய்ச் சேர ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வழியில் 25 முறை நிற்க நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு இது மிகையான எண் அல்ல. ஆளும் சாமானுமாக 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, அந்த ஓட்டத்தில் இருந்த சக்தியை நம் வீட்டு மின்கணக்கில் சொன்னால் 0.03 யூனிட். இருபத்தைந்து முறை நின்றால் முக்கால் யூனிட் ஆகிறது. வியப்பு என்னவென்றால், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் வண்டிகளின் பேட்டரியே மொத்தம் 0.76 யூனிட்தான். அந்தச் சிறிய பேட்டரி ஒரே காலையில் பலமுறை நிரம்பியும் வடிந்தும் வேலை செய்கிறது. மின்சாரக் காரின் பேட்டரியைப் போல இது கிடங்கு இல்லை, கடைக்காரரின் கல்லாப்பெட்டியைப் போல வருவதும் போவதுமாக இருப்பது.

பிரேக்கில் பிடிபடும் சக்தியில் பாதி மறுபடி சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால், அந்த வேலையைப் பெட்ரோலால் செய்ய 150 மில்லி அளவு எரிக்க வேண்டியிருந்திருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருந்தாலும், நகர ஓட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்தைப் போய்ச் சேர்கிறது. இத்துடன், கால் மணி நேரம் சிக்னல்களில் ஏசியோடு நின்றால் சாதாரண காரில் மேலும் 200 மில்லி போகும். அதிலும் பெரும்பகுதி மிச்சம். இந்தப் பாதையில் 1.2 லிட்டர் குடிக்கும் கார் இருந்த இடத்தில் முக்கால் லிட்டரோடு ஹைபிரிட் முடித்துக்கொள்வதன் காரணம் இந்த இரண்டு மிச்சங்களும், எஞ்சின் தனக்குச் சிக்கனமான வேகத்தில் ஓடுவதும்தான்.

இதே வண்டியைக் கப்பலூர் தாண்டி நான்கு வழிச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், பிடிக்கப் பிரேக்கும் இல்லை, நிற்கச் சிக்னலும் இல்லை. காற்றை எதிர்த்துத் தள்ளும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. அதற்கு ஹைபிரிட்டிடம் மந்திரம் எதுவும் கிடையாது.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

விலையில் ஹைபிரிட் வகைக்கும் சாதாரண பெட்ரோல் வகைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக அது இரண்டரை லட்சம் என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர், அதுவும் பெரும்பாலும் நகரத்துக்குள் ஓட்டுபவருக்குச் சாதாரண கார் 14 கொடுக்க, ஹைபிரிட் 22 கொடுத்தால், மாதம் 26 லிட்டர் மிச்சம். ஆண்டுக்கு 31,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப எட்டு ஆண்டுகள் ஆகும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் நான்கு ஆண்டுகள். இதையே வாரம் ஒருமுறை திருச்சிக்கோ தூத்துக்குடிக்கோ நெடுஞ்சாலையில் மட்டும் போய்வருபவருக்குப் போட்டுப் பாருங்கள்: சாதாரண கார் 17, ஹைபிரிட் 20 என்றால் 1,000 கிலோமீட்டருக்கு 9 லிட்டர்கூட மிச்சமில்லை. நகரத்துக்குள் நாள் முழுவதும் சுற்றும் மருத்துவப் பிரதிநிதிக்கும், கடை கடையாகச் சரக்கு எடுப்பவருக்கும் இது ஏற்ற வண்டி. நெடுஞ்சாலையே கதி என்று இருப்பவர், மைலேஜுக்காக மட்டும் வாங்குவதானால், நன்றாக யோசித்து வாங்க வேண்டும். நான் வண்டி எடுத்தபோது விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர் "ஹைவேல இன்னும் கூடுதலா கொடுக்கும் சார்" என்று உறுதியாகச் சொன்னார். அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போலும். ஆனால் அது தவறு.

சான்றிதழ் மைலேஜை எப்படிப் படிப்பது

கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97, ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு 23.24 என்று அறிவிக்கப்பட்ட எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை வேறொரு சூழலின் எண்கள். ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்து, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி ஓட்டிப் பார்த்து எடுக்கப்படுபவை. அந்த அட்டவணையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. சித்திரை வெயிலும், மழைக்குப் பிந்தைய பள்ளமும், ஐந்து பேரும் அதில் இல்லை. எனவே இந்த எண்ணை ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பயணத்துக்கான கணக்கை உங்கள் சொந்த எண்ணை வைத்தே போட வேண்டும்.

உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிப்பது

டாஷ்போர்டு காட்டும் சராசரி ஒரு மதிப்பீடு. பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே காட்டும். டேங்க் ஃபுல் முறைதான் நம்பகமானது. ஒரு பங்க்கில் டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக முதல்முறை 'டக்'கென்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். பங்க் பையன் "ரவுண்டா போட்டுக்கட்டுமாண்ணே?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ரூபாயை முழுமையாக்க அவர் மேலும் மூன்று நான்கு முறை அழுத்தினால் கணக்கு ஒரு லிட்டர் வரை பிசகும். கழுத்து வரை நிரப்புவது பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் அமைப்புக்கும் நல்லதல்ல. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல் 500 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்க்கில், அதே குழாயில், அதே முறையில் மறுபடி நிரப்புங்கள். 638 கிலோமீட்டர் ஓடி 29 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 22. ஒரே தடவையோடு முடிவுகட்டாமல் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

நகர ஓட்டத்துக்கு ஓர் எண், நெடுஞ்சாலைக்கு ஓர் எண் என்று இரண்டாக எழுதிவைப்பது என் பழக்கம். டாஷ்போர்டு பெட்டியில் ஒரு சிறிய நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், லிட்டர், எந்த வழி என்ற நான்கே பத்திகள். ஆறு மாதம் எழுதினால், டயரில் காற்று இறங்கியதைக்கூட அந்த நோட்டே முதலில் சொல்லிவிடும்.

நகரத்துக்குள் ஓட்டும் முறை

ஹைபிரிட்டில் மைலேஜைத் தீர்மானிப்பது பிரேக் மேல் வைக்கும் கால். மெதுவாக, முன்கூட்டியே அழுத்தினால் மோட்டாரே வண்டியை நிறுத்துகிறது. சக்தி பேட்டரிக்குப் போகிறது. கடைசி நொடியில் அமுக்கினால் சாதாரண பிரேக் பட்டைகள் பிடித்து, சக்தி சூடாகிப் போய்விடுகிறது. கோரிப்பாளையம் சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கைச் சும்மா தொட்டபடி உருண்டு போங்கள். திரையில் சக்தி ஓட்டத்தைக் காட்டும் அம்பு சக்கரத்திலிருந்து பேட்டரிப் பக்கம் திரும்புவதைப் பார்க்கலாம். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கத்தான் செய்வார். அவருக்கு வழிவிட்டு ஓரமாக உருளுங்கள்.

புறப்படும்போது பலர் இதற்கு நேர்மாறான தவறு செய்கிறார்கள். எஞ்சின் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஆக்சிலரேட்டரை மயிலிறகால் தொடுவதுபோல் தொட்டு, நத்தை வேகத்தில் மோட்டாரிலேயே ஓட்டுகிறார்கள். பேட்டரி வடிந்ததும் எஞ்சின் எழுந்து அதை நிரப்பியே ஆக வேண்டும். பெட்ரோலை மின்சாரமாக்கி, பேட்டரியில் போட்டு, திரும்ப எடுத்து ஓட்டுவதில் ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு உண்டு. அதைவிட, தேவையான வேகத்துக்குத் தயங்காமல் எஞ்சினோடு போய்ச் சேர்ந்து, பிறகு காலைத் தளர்த்தினால் எஞ்சின் தானே அணைந்து வண்டி மோட்டாரில் சறுக்கிக்கொண்டு போகும். எப்போது எது ஓட வேண்டும் என்பதை வண்டியின் கணினியிடம் விட்டுவிடுவது நல்லது.

சின்னச் சின்ன ஓட்டங்களைச் சேர்த்துச் செய்யுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சில நிமிடங்கள் தன்னையும் புகைக்குழாயில் உள்ள சுத்திகரிப்பானையும் சூடாக்கிக்கொள்ள ஓடியாக வேண்டும். பாலுக்கு ஒருமுறை, பிள்ளையைப் பள்ளியில் விட ஒருமுறை, காய்கறிக்கு ஒருமுறை என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டங்களாகப் பிரித்தால், அந்தச் சூடேற்றும் பெட்ரோலை மூன்று முறை செலவழிக்கிறோம்.

வெயிலும் ஏசியும் தனியாகச் சொல்ல வேண்டியவை. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால், எஞ்சின் அணைந்திருந்தாலும் குளிர்ச்சி நிற்காது. ஆனால் அந்தச் சின்ன பேட்டரியால் அதிக நேரம் தாங்க முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளம் பக்கம் சிக்கி நின்றால், பதினைந்து இருபது நிமிடத்துக்குள் எஞ்சின் தானே எழுந்து சார்ஜ் ஏற்றும். அது கோளாறு அல்ல. வேப்பமர நிழலில் நிறுத்துங்கள். ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி அனல் வெளியேறிய பின் ஏசியைப் போடுங்கள். பேட்டரி மிகவும் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ள அது வாங்கும் சார்ஜைக் குறைத்துக்கொள்ளும்; பிரேக்கில் கிடைக்கும் மிச்சமும் அதோடு குறையும். பல வண்டிகளில் பின் இருக்கையின் அருகே பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை இருக்கிறது. அதன் மேல் பையையோ துண்டையோ போட்டு அடைத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுதிக்கு, சர்வீஸ் விடும்போதெல்லாம் அந்தத் துளையின் வடிகட்டியைத் துடைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நெடுஞ்சாலையில்

இங்கே சொல்ல அதிகமில்லை: வேகத்தைக் குறையுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 80இல் இருப்பதைப்போல் 100இல் ஒன்றரை மடங்குக்கு மேல், 110இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மதுரை - திருச்சி சாலையில் 85 வேகத்தில் சீராகப் போனால் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே தாமதமாகும். மைலேஜில் தெரியும் வேறுபாடோ பெரியது. பழனிக்கும் சபரிமலைக்கும் போய்வந்த பிறகு கூரைமேல் மாட்டிய கேரியரைக் கழற்றி வைத்துவிடுங்கள். டயர் காற்றை, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையின் அளவுப்படி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

எத்தனாலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால், 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் ஒரு லிட்டரில் 6 முதல் 7 சதவீதம் சக்தி குறைவாகவே இருக்கும். முன்பு ஒரு நண்பர் சொன்ன மைலேஜ் உங்களுக்கு வரவில்லையென்றால், பழி முழுவதையும் வண்டியின் மேல் போட வேண்டாம்.

கொடைக்கானல் மலையில்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போய்ச் சேர 1,800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நான்கு பேருடன் 1,500 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க 7.3 யூனிட் சக்தி வேண்டும். எஞ்சின் நூற்றுக்கு 35 பங்கு பயன் தருகிறது என்று கொண்டால், சமதளத்தில் ஆகும் செலவுக்கு மேல் 2.3 லிட்டர் பெட்ரோல். ஏரிக்கரையில் நின்று மீட்டரைப் பார்த்தால் மனம் கலங்கும். ஆனால் ஏற்றிய உயரத்தை இறங்கும்போது திரும்பப் பெறுகிறோம். அதில் பெரும் பங்கு எஞ்சின் பெட்ரோல் குடிக்காமல் இறங்குவதால் வருகிறது. எனவே மலைப் பயணத்தின் மைலேஜைப் போக வரச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் ஹைபிரிட் ஓட்டுபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 0.76 யூனிட் பேட்டரியிலும் நடுப்பகுதியை மட்டுமே கணினி புழங்கவிடும். எனவே சுமார் 150 முதல் 200 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். நாங்கள் முதன்முறை இறங்கியபோது, பெருமாள்மலை தாண்டிச் சில வளைவுகளிலேயே திரையில் பேட்டரிக் கட்டங்கள் எல்லாம் நிரம்பின. ஊத்து என்ற ஊர் வருவதற்குள், காலை எதிலும் வைக்காதபோதே எஞ்சின் திடீரென்று உறுமத் தொடங்கியது. "என்னங்க, வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று மனைவி பதறினார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியில் இடமில்லாததால், மோட்டார் பிடிக்கும் சக்தியைக் கொண்டு எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் சுழற்றி, அதையே பிரேக்காக வண்டி பயன்படுத்திக்கொண்டிருந்தது. இறக்கம் தொடங்கும்போதே கியர் நெம்புகோலை 'பி' (ஆங்கில B; வண்டியை நிறுத்திவைக்கும் P அல்ல) என்று குறித்த இடத்துக்கு மாற்றிவிட்டால் இது சீராக நடக்கும், பிரேக் பட்டைகளும் டம்டம் பாறை வருவதற்குள் தீய்ந்த வாடை அடிக்காது. சமதளத்துக்கு வந்ததும் மறக்காமல் 'டி'க்கு மாற்றுங்கள். நகரத்தில் 'பி'யிலேயே ஓட்டினால் மைலேஜ் கூடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மலையிலிருந்து அடிவாரத்துக் காட்ரோடு வரும்போது பேட்டரி நிரம்பியிருக்குமாதலால், முதல் ஓரிரு கிலோமீட்டருக்கு வண்டி பெரும்பாலும் மோட்டாரில்தான் ஓடும்.

ஒரு டேங்கில் எவ்வளவு தூரம்

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா வண்டிகளின் டேங்க் 45 லிட்டர்; ஹைகிராஸுக்கு 52; சிட்டிக்கு 40. கிராண்ட் விட்டாராவின் 45 லிட்டரை 27.97 மைலேஜோடு பெருக்கினால் ஏறக்குறைய 1,259 கிலோமீட்டர் என்று வரும். விளம்பரங்களில் ஆயிரத்தைத் தாண்டும் தூரங்கள் இப்படிப் பிறந்தவை. நாம் செய்ய வேண்டியது வேறு. டேங்கிலிருந்து 5 லிட்டரைக் கையிருப்பாகக் கழித்துவிடுங்கள். மீதி 40 லிட்டரை, உங்கள் நோட்டில் உள்ள நெடுஞ்சாலை எண்ணால் பெருக்குங்கள். அது 20 என்றால் 800 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். ஒருவழி போய்ச் சேர்ந்து, மறுநாள் சென்னைக்குள் சுற்றிவிட்டுத் திரும்பும்போது விழுப்புரம் பக்கமாவது பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். மலைப் பயணம் என்றால் ஏற்றத்துக்காக மேலும் மூன்று லிட்டரைத் தனியாகக் கழியுங்கள். டாஷ்போர்டு காட்டும் 'மீதி தூரம்' அதற்குமுன் ஓட்டிய ஓட்டத்தை வைத்துச் சொல்வது. கொடைக்கானலிலிருந்து இறங்கிவந்ததும் அது காட்டும் பெரிய எண்ணை நம்பி ராமேசுவரம் புறப்பட்டுவிடக் கூடாது.

பேட்டரி இருக்கிறதே, பெட்ரோல் தீர்ந்தாலும் அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. அந்த பேட்டரி ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் இழுக்காது. அதைவிட முக்கியம், எஞ்சினைத் துவக்குவதே அந்த பேட்டரிதான். அதையும் வற்றவிட்டால், பிறகு கேனில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினாலும் வண்டி எழாமல் போகக்கூடும், லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டிவரும். எனவே எரிபொருள் முள் கால் டேங்குக்கு வந்ததுமே நிரப்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டால், மோட்டாரை நம்பாமல் முதலில் வரும் பங்க்கிலேயே திரும்புங்கள்.